பிரயாணச் சீட்டில் காந்தப் பட்டை

1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி, கல்கத்தா நகரில் எஸ்பிளனேடு நிலையத்திற்கும் பவானிப்பூர் நிலையத்திற்கும் இடையே இந்தியாவின் முதல் சுரங்க ரெயில் ஓடத் தொடங்கியது. அன்று திறக்கப்பட்ட பாதையின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், நிலையங்கள் ஐந்து. பின்னர் பாதை படிப்படியாக நீண்டு, 1995-ஆம் ஆண்டில் டம்டம் முதல் டாலிகஞ்சு வரை 17 நிலையங்கள் கொண்ட முழு வழியாயிற்று. 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரில், 2011-ஆம் ஆண்டு வரை சுரங்க ரெயில் பிரயாணிகளின் கையில் இருந்தது காந்தப் பட்டை பூசிய ஒரு சிறு சீட்டு. பிரயாணி அதனை வாயிற்பொறியின் துவாரத்தில் செலுத்துவார், பொறி சீட்டை உள்ளே இழுத்துப் படித்து, அதில் எழுதி, திருப்பிக் கொடுக்கும், தடுப்பு விலகும். இவையனைத்தும் நடைபெற ஒரு விநாடி போதும்.

அச்சீட்டு இப்பொழுது கொல்கத்தாவில் வழக்கில் இல்லை. எனினும் அதில் அடங்கியிருந்த விஞ்ஞானம் பழமைப்பட்டுவிடவில்லை. அதே வகைப் பட்டையை வங்கி அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் இன்றும் காணலாம். மேலும், ஒரு சீட்டு பொறியிடம் "பேசுவது" எவ்வாறு, அப்பேச்சில் தவறு நேரின் அதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு, அத்தவற்றின் சுமை யார் தலையில் விழுகிறது ஆகிய கேள்விகள் எக்காலத்திற்கும் உரியவை. ஆதலின், மாணவர்க்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களும் பொதுமக்களோடு நேரில் பழகும் களப்பணியாளர்களும் இதனை அறிந்திருத்தல் பயனுடையது.

கட்டணக் கணக்கின் கடினம்

ஒரு நகரத்தின் போக்குவரத்தில் ஒவ்வொரு பிரயாணியும் செலுத்துவது சிறு தொகையே. ஆனால் அச்சிறு தொகையை நாள்தோறும் லட்சக்கணக்கானோரிடமிருந்து, அவரவர் சென்ற தூரத்திற்கேற்ப, கூடுதலும் குறைவும் இன்றிப் பெறுவது எளிய காரியமன்று. அத்தொகையின் சிறுமையைக் கண்டு அதனை அற்பமெனக் கருதுவதும் தவறு. 1953-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்கத்தாவில் டிராம் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டது. அக்காலத்துப் பைசா ஒரு ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. அந்த ஒரு பைசாவை எதிர்த்து நகரமே கிளர்ந்தெழுந்தது. இறுதியில் உயர்வு கைவிடப்பட்டது. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் எளியவருக்குக் கட்டணம் என்பது எத்துணை முக்கியமானது என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று.

டிராமிலும் பஸ்ஸிலும் கண்டக்டர் நேரில் வந்து சீட்டுக் கொடுத்துப் பணம் பெறுகிறார். ரெயில்வேயில் 19-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கியது, இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்ஸன் என்பவர் வகுத்த தடித்த அட்டைச் சீட்டு. அதில் வரிசை எண் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும். விற்கும்பொழுது தேதி அழுத்திப் பதிக்கப்படும். நம் நாட்டிலும் அச்சீட்டு நெடுங்காலம் வழக்கில் இருந்ததைப் பலரும் அறிவர். எட்மண்ட்ஸன் சீட்டு ஒரு நல்ல கணக்குக் கருவி. ஆனால் அதனைப் படிக்க ஒரு மனிதனின் கண் வேண்டும். சுரங்க ரெயிலிலோ ஒவ்வொரு வண்டியும் நூற்றுக்கணக்கானோரை ஒரே சமயத்தில் இறக்கிவிடுகிறது. அவர்கள் அனைவரின் சீட்டையும் கண்ணால் பார்த்துத் தேதியையும் தூரத்தையும் சரிபார்ப்பது இயலாது. ஆகவே, பொறியே படிக்கக்கூடிய எழுத்து சீட்டின்மேல் இருக்கவேண்டும் என்ற தேவை எழுந்தது.

மை எழுத்தைவிடக் காந்த எழுத்து இதற்கு ஏற்றது. காரணம் இரண்டு. ஒன்று, அதனைக் கம்பிச்சுருள் ஒன்றினால் எளிதில் படித்துவிடலாம். மற்றொன்று, அதனை அழித்து, அதே இடத்தில் மீண்டும் எழுதலாம். பிரயாணம் தொடரத் தொடரச் சீட்டின் செய்தி மாறவேண்டியிருப்பதால் இந்த இரண்டாவது குணம் மிகவும் இன்றியமையாதது.

பட்டை எதனால் ஆனது?

காந்தத்தில் செய்தியைப் பதிக்கும் முறை புதியதன்று. 1898-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்ஸன் என்பவர் எஃகுக் கம்பியில் ஒலியைக் காந்தமாகப் பதித்தார். 1928-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஃப்ளூய்மர் என்பவர் காகித நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி, கம்பிக்குப் பதிலாக அதனை உபயோகிக்கலாம் எனக் காட்டினார். காந்தப் பட்டை பூசிய காகிதச் சீட்டு அந்த நாடாவின் நேர் வாரிசு என்றே கூறலாம்.

பட்டையின் முக்கியப் பொருள் இரும்பு ஆக்ஸைடு. ஊசி போன்ற வடிவமுள்ள அதன் துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளங்கூட இராது. அத்துகள்களை ஒரு பிசினுடன் கலந்து சீட்டின்மேல் மெல்லியதாகப் பூசுவர். பூச்சு உலருமுன் ஒரு காந்தப் புலத்தில் வைத்தால் ஊசிகள் பட்டையின் நீளவாட்டில் ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துகளும் ஒரு சிறு சட்டக் காந்தம். அதன் வடமுனை வலப்புறம் நோக்கலாம். அல்லது இடப்புறம் நோக்கலாம். துகள் அசைவதில்லை, அதன் காந்தத்தின் திசை மட்டுமே மாறுகிறது.

ஒருமுறை காந்தமூட்டப்பட்ட துகளின் திசையை மாற்றுவதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு வலிமையுள்ள எதிர்ப் புலம் வேண்டும். இதனைக் காந்த நீக்கு விசை என்பர். சாதாரண இரும்பு ஆக்ஸைடு பட்டைக்கு இது சுமார் 300 ஓர்ஸ்டெட். பேரியம் ஃபெரைட் என்னும் பொருளால் ஆன பட்டைக்கு 2,750 ஓர்ஸ்டெட் அல்லது அதற்கும் மேல். முதல் வகையில் எழுதுவது எளிது, அழிவதும் எளிது. இரண்டாம் வகையில் எழுத வலிய கருவி வேண்டும். எழுதியது நிலைத்து நிற்கும். ஒருநாள் உபயோகித்து எறியப்படும் சீட்டுக்கு முதல் வகை போதும். ஆண்டுக்கணக்கில் சட்டைப்பையில் இருக்கும் அட்டைக்கு இரண்டாவதே தகும்.

எழுதுதலும் படித்தலும்

எழுதும் கருவி ஒரு சிறு மின்காந்தம். வளையம் போன்ற அதன் உள்ளகத்தில் மயிரிழை அளவு இடைவெளி ஒன்று விடப்பட்டிருக்கும். சுற்றிலுமுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்பொழுது, அவ்விடைவெளியில் காந்தப் புலம் வெளியே புடைத்து நிற்கும். சீட்டின் பட்டை அதனை உரசிக்கொண்டு செல்கையில், துகள்கள் புலத்தின் திசையில் காந்தமூட்டப்படும். மின்சாரத்தின் திசையை மாற்றினால், அவ்விடம் தொடங்கிக் காந்தத்தின் திசையும் மாறும். இவ்விதம் பட்டையின் நீளத்தில், வலம் நோக்கிய பகுதியும் இடம் நோக்கிய பகுதியும் மாறிமாறி அமைகின்றன. அடுத்தடுத்த இரு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் வடமுனையும் வடமுனையும், அல்லது தென்முனையும் தென்முனையும் எதிரெதிராக நிற்கும். இவ்விடங்களைத் திருப்பங்கள் என அழைப்போம்.

படிக்கும் கருவியும் அதே வடிவுடையது. ஆனால் அதில் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை இங்கே பயன்படுகிறது. கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாய்வு மாறும்பொழுது மட்டுமே அதில் மின்னழுத்தம் தோன்றும். மாறாதிருப்பின் ஒன்றும் தோன்றாது. எனவே, சீட்டு கருவியின்மேல் நகரும்பொழுது, ஒவ்வொரு திருப்பமும் கடக்கும் கணத்தில் ஒரு சிறு மின் துடிப்பு உண்டாகிறது. திருப்பங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அமைதியே. சீட்டு அசையாது நின்றால், அதில் எவ்வளவு செய்தி இருப்பினும் கருவிக்கு ஒன்றும் புலப்படாது. சீட்டு மெதுவாக நகர்ந்தால் துடிப்பு வலிமை குன்றும். இதனால்தான் வாயிற்பொறி சீட்டைப் பிரயாணியின் கையில் விடாமல், ரப்பர்ப் பட்டைகளால் தானே பற்றி ஒரே வேகத்தில் இழுத்துச் செல்கிறது. நியூயார்க் நகரின் சுரங்க ரெயிலில் 1990-ஆம் ஆண்டுகளில் வந்த காந்த அட்டையைப் பிரயாணியே கையால் இழுக்கவேண்டியிருந்தது. மிக மெதுவாகவோ மிக விரைவாகவோ இழுத்தவர்களைப் பொறி மீண்டும் இழுக்கச் சொல்வது அந்நகர மக்களின் அன்றாட அனுபவமாயிற்று.

ஒன்றும் பூஜ்யமும்

துடிப்புகளைக் கொண்டு எண்களை எழுதுவது எவ்வாறு? கணிப்பொறிகள் 1, 0 என்னும் இரண்டே குறிகளால் எல்லா எண்களையும் எழுதுகின்றன. இக்குறி ஒவ்வொன்றையும் "பிட்" என்பர். பட்டையின் நீளம் சம அளவுள்ள சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஓர் அறைக்கு ஒரு பிட். ஒவ்வோர் அறையின் தொடக்கத்திலும் தவறாமல் ஒரு திருப்பம் இருக்கும். அறையின் நடுவில் மற்றொரு திருப்பமும் இருந்தால் அந்த அறையில் உள்ளது 1. நடுவில் இல்லையேல் 0.

தொடக்கத்தில் ஒரு திருப்பம் ஏன் கட்டாயமாக இருக்கவேண்டும் என்ற ஐயம் எழலாம். அதற்கு ஒரு சிறு கணக்கு விடை கூறும். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 3 பிட்டுகள் எழுதப்பட்டிருப்பதாகவும், அட்டை விநாடிக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதாகவும் கொள்வோம். விநாடிக்கு 900 பிட்டுகள் கடக்கும். ஒவ்வொன்றிற்கும் ஆகும் நேரம் சுமார் 1.1 மில்லிவிநாடி. வேகம் பாதியானால் அந்நேரம் 2.2 மில்லிவிநாடி, நடுத்திருப்பம் வருவது 1.1 மில்லிவிநாடியில். அதாவது, விரைந்த அட்டையின் 0-வும் மெதுவான அட்டையின் 1-இன் முதற்பாதியும் கடிகாரத்தில் ஒரே அளவாகத் தோன்றும். ஆகவே பொறி நேரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. ஒவ்வோர் அறையின் தொடக்கத்தையும் திருப்பம் காட்டிக்கொடுப்பதால், முந்தைய அறைக்கு ஆன நேரத்தை அளவுகோலாக வைத்து அடுத்த அறையைப் பொறி அளக்கிறது. வேகம் சிறிது சிறிதாக மாறினாலும் அளவுகோலும் உடன் மாறிக்கொண்டே வரும். எழுத்திலேயே கடிகாரமும் அடங்கியிருக்கிறது என்பது இம்முறையின் சிறப்பு.

ஒரு பிரயாணத்திற்கு எத்தனை பிட்டுகள் வேண்டும்? 17 நிலையங்களைக் குறிக்க 4 பிட்டுகள் போதா; ஏனெனில் 4 பிட்டுகளால் 16 வேறுபட்ட எண்களையே எழுத முடியும். ஒரு நிலையம் மிஞ்சிவிடுவதால் 5 பிட்டுகள் வேண்டும். ஒரு நாளின் 1,440 நிமிடங்களைக் குறிக்க 11 பிட்டுகள். ஆண்டின் 366 நாட்களுக்கு 9 பிட்டுகள். 1,023 ரூபாய் வரையுள்ள இருப்புத் தொகைக்கு 10 பிட்டுகள். பத்து லட்சத்திற்குச் சற்று மேற்பட்ட வரிசை எண்களுக்கு 20 பிட்டுகள். ஆக மொத்தம் 55. இது விளக்கத்திற்காகக் கூறிய பொதுக் கணக்கேயன்றி, கல்கத்தாச் சீட்டில் இவ்வரிசையே இருந்ததெனக் கொள்ளவேண்டா. மில்லிமீட்டருக்கு 3 பிட்டு வீதம் எழுதினால் 55 பிட்டுகளுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட வேண்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தவற்றைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு

சீட்டு மடங்கலாம், தூசி படியலாம், வியர்வை ஊறலாம். ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட்டாலும் நிலையத்தின் பெயரோ இருப்புத் தொகையோ மாறிவிடும். பிரயாணியின் பணம் பிழையாகக் குறையவும் கூடும். இதனைத் தடுக்க ஓர் எளிய, அழகிய முறை உண்டு.

நிலைய எண் 5 என்க. இரும எண்ணாக அது 0101. இதில் 1 இருமுறை வந்துள்ளது. இத்துடன் ஒரு சோதனைப் பிட்டைச் சேர்த்து, 1-களின் எண்ணிக்கை எப்பொழுதும் ஒற்றைப்படையாக இருக்கும்படி செய்வோம். ஆகவே இங்கே சோதனைப் பிட் 1. நிலைய எண் 13 என்றால் 1101; 1 மும்முறை வந்துள்ளது; சோதனைப் பிட் 0. படிக்கும்பொழுது 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால், எங்கோ தவறு நேர்ந்துள்ளது எனப் பொறி உடனே அறிந்துகொள்ளும்.

ஒரே எண்ணில் இரண்டு பிட்டுகள் தவறினால் இச்சோதனை ஏமாந்துவிடும். அதற்காக எல்லா எண்களுக்கும் பின்னர், நிரைவாரியாகவும் ஒரு சோதனை செய்யப்படுகிறது. 5, 13, 3 ஆகிய மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக 0101, 1101, 0011 என எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நிரையிலும் 1-களின் மொத்தம் இரட்டைப்படையாகும்படி கடைசி வரியை அமைத்தால், அது 1011 எனக் கிடைக்கும். ஓர் எண்ணில் இரண்டு பிட்டுகள் தவறினால் வரிச் சோதனையில் தப்பலாம். ஆனால் இரண்டு நிரைகளில் அகப்பட்டுக்கொள்ளும். இரு சோதனைகளிலும் தப்புவதற்குத் தவறுகள் குறைந்தது நான்கு நேரவேண்டும்; அவையும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள்போல் சரியாக அமையவேண்டும். அது மிக அரிது. இதனை வகுப்பில் கரும்பலகையில் செய்துகாட்டினால் மாணவர் எளிதில் உணர்வர்.

வாயிலில் நடப்பவை

இனி வாயிற்பொறியினுள் நிகழ்வதைத் தொடர்ந்து காண்போம். நுழையும்பொழுது சீட்டு முதலில் படிக்கும் கருவியின்மேல் செல்கிறது. சோதனைப் பிட்டுகள் சரியா, சீட்டு இந்நாளுக்கு உரியதா, அது முன்னரே உள்ளே நுழைய உபயோகிக்கப்பட்டதா என்பவற்றைப் பொறியின் கணிப்பகுதி ஆராய்கிறது. யாவும் சரியெனில், எழுதும் கருவி நுழைந்த நிலையத்தின் எண்ணையும் நேரத்தையும் பட்டையில் பதிக்கிறது. அதனை அடுத்துள்ள இன்னொரு படிக்கும் கருவி, எழுதியது செம்மையாக உள்ளதா எனச் சரிபார்க்கிறது. அதன் பின்னரே சீட்டு மறுபுறம் வெளிவந்து தடுப்பு விலகும்.

வெளியேறும் நிலையத்தில், நுழைந்த நிலையத்தின் எண் படிக்கப்பட்டு, இரு நிலையங்களுக்கும் இடையேயுள்ள தூரத்திற்குரிய கட்டணம் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒருமுறைச் சீட்டெனில் செலுத்திய தொகை போதுமா என்று பார்க்கப்படும். பல பிரயாணங்களுக்குரிய சீட்டெனில் உரிய தொகை கழிக்கப்பட்டு மீதி மீண்டும் எழுதப்படும். ஆக, இம்முறையில் கணக்குப் புத்தகம் நிலையத்தில் இல்லை. பிரயாணியின் கையிலேயே இருக்கிறது. இதுவே அதன் வசதி. அதன் பலவீனமும் இதுவே.

பட்டையின் குறைபாடுகள்

முதலாவது குறை, அழியும் தன்மை. பூமியின் காந்தப் புலம் ஒரு காஸுக்கும் குறைவானது. அதனால் பட்டைக்குத் தீங்கில்லை. ஆனால் கைப்பையின் பூட்டிலோ ஒலிபெருக்கியிலோ உள்ள காந்தம், மிக அருகில் பல நூறு காஸ் வரை வலிமையுடையது. 300 ஓர்ஸ்டெட் அளவுள்ள பட்டையை அதனோடு ஒட்டிவைத்தால் செய்தி சிதைந்துபோகும். ஒருசில சென்டிமீட்டர் விலகினால் புலம் விரைவாகக் குன்றிவிடுவதால் அபாயம் நீங்குகிறது.

இரண்டாவது, தேய்மானம். கருவியின் முகம் ஒவ்வொரு சீட்டோடும் உராய்கிறது. பட்டையிலிருந்து உதிரும் துகளும் நகரத்தின் தூசியும் அதில் படிகின்றன. கருவிக்கும் பட்டைக்கும் இடையே மயிரிழையில் ஒரு பங்கு தூசி புகுந்தாலும் துடிப்பு வலிவிழக்கும். மழைக்காலத்தின் ஈரக்காற்றில் காகிதச் சீட்டு தளர்ந்து வளைவதும் உண்டு. எனவே கருவிகளை அடிக்கடி துடைத்தலும், பட்டைகளையும் உருளைகளையும் மாற்றுதலும் ஓயாத வேலையாகும்.

மூன்றாவது, நகலெடுக்கும் எளிமை. பட்டையில் எழுதியதை எவ்விதக் கருவியாலும் படிக்கலாம். படித்ததை வேறொரு பட்டையில் அப்படியே எழுதலாம். சோதனைப் பிட்டுகள் தற்செயலான தவற்றைக் காட்டுமேயன்றி, வேண்டுமென்றே செய்த மாற்றத்தைக் காட்டா. மாற்றுபவன் சோதனைப் பிட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவான். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கல்லூரி மாணவர் சிலர் அந்நகரப் போக்குவரத்துச் சீட்டின் காந்தப் பட்டையில் இருப்புத் தொகையை மாற்றி எழுதமுடியும் எனக் கண்டறிந்தனர். அதனை அவர்கள் வெளியிடுவது பற்றி நீதிமன்றத்தில் வழக்கே நடைபெற்றது.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியது ஒன்று இங்கே உண்டு. பொறி ஒரு சீட்டை மறுத்தால், அதற்குரிய காரணங்களில் பெரும்பாலானவை பிரயாணியின் குற்றமல்ல. கருவியில் தூசி, பட்டையில் மடிப்பு, அருகிலிருந்த காந்தம் ஆகிய எதுவும் பணம் கொடுத்து வாங்கிய சீட்டைப் பயனற்றதாக்கிவிடலாம். அலுவலகத்திற்குச் செல்லும் அவசரத்தில், பின்னால் வரிசை நெருக்க, தடுப்பின் முன் நிற்கும் மனிதர் தம் நேர்மையை எவ்வாறு நிரூபிப்பார்? அவர் கையிலுள்ள பட்டையைக் கண்ணால் படிக்க இயலாது. ஆதலின் நன்கு அமைந்த ஒவ்வொரு கட்டண முறையிலும், பொறியின் மறுப்பை மறுபரிசீலனை செய்யும் மனிதர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். ஒரே வாயிலில் பல சீட்டுகள் தொடர்ந்து மறுக்கப்படுமாயின் ஐயத்திற்குரியது வாயிற்பொறியே. ஒரே சீட்டு பல வாயில்களில் மறுக்கப்பட்டால் பழுது சீட்டில் உள்ளது. இவ்வெளிய விதியை நினைவிற் கொண்டால் பல பூசல்களைத் தவிர்க்கலாம்.

2011-ஆம் ஆண்டின் மாற்றம்

மேற்கூறிய குறைகளைக் களைவதற்காக உலக நகரங்கள் பலவும் தொடாது படிக்கும் முறைக்கு மாறின. 1987-ஆம் ஆண்டில் காந்தச் சீட்டுடன் தொடங்கிய சிங்கப்பூர் ரெயில், 2002-ஆம் ஆண்டில் தொடா அட்டைக்கு மாறிற்று. அதே 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓடத் தொடங்கிய டில்லி மெட்ரோவும், 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய சென்னை மெட்ரோவும் ஆரம்பத்திலிருந்தே தொடா வில்லைகளையும் அட்டைகளையும் கைக்கொண்டன. கொல்கத்தாவில் 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ரெயில்வே தகவல் அமைப்புகள் மையத்தின் முயற்சியால் காந்தப் பட்டைச் சீட்டு விடைபெற்றது. நாணயம் போன்ற வில்லை வந்தது.

வில்லையினுள் ஒரு நுண் மின்சுற்றும் ஒரு கம்பிச்சுருளும் உள்ளன, மின்கலம் இல்லை. வாயிற்பொறியிலுள்ள கம்பிச்சுருள் விநாடிக்கு ஒரு கோடியே 35 லட்சம் முறைக்கு மேல் திசைமாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. வில்லையை அருகில் கொண்டுசென்றால் அதன் சுருளில் மின்னழுத்தம் தோன்றி, நுண்சுற்று விழித்துக்கொண்டு விடை கூறுகிறது. இங்கும் செயற்படுவது ஃபாரடேயின் அதே விதிதான். முன்னர்ப் பட்டை நகர்ந்ததால் புலம் மாறிற்று; இப்பொழுது சீட்டு நகரவேண்டியதில்லை, புலமே மாறிக்கொண்டிருக்கிறது. உராய்வு இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. மேலும், நுண்சுற்றால் வெறுமனே செய்தியை ஒப்பிப்பதோடு நில்லாமல், பொறி கேட்கும் புதுப்புதுக் கேள்விகளுக்கு இரகசியக் கணக்கீட்டின் மூலம் விடையளிக்கவும் இயலும். இதனால் நகலெடுத்தல் கடினமாகிறது. பட்டை ஓர் ஏடு. நுண்சுற்று அந்த ஏட்டைக் காக்கும் ஒரு கணக்கன் எனலாம்.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

காந்த எழுத்தைக் கண்ணால் காண முடியாது என்றோம். ஆனால் அதனைக் காணச் செய்யலாம். காலாவதியான, இனி உபயோகிக்கப்படாத வங்கி அட்டை ஒன்றும், மிக நுண்ணிய இரும்புத் தூளும் போதும். ஆய்வுக்கூடத்திலுள்ள இரும்பு அரத்தூளை மெல்லிய துணியில் சலித்தால் நுண்தூள் கிடைக்கும். அட்டையின் பட்டைமேல் தூளைத் தூவி, அட்டையைச் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டுக. உதிர்ந்தது போக எஞ்சிய தூள் நெருங்கிய மெல்லிய கோடுகளாக நிற்கும். ஒவ்வொரு கோடும் ஒரு திருப்பம். ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால், உருப்பெருக்காடியால் ஆராயலாம்.

வங்கி அட்டையில் இணையான எழுத்து வரிசைகள் உண்டு. அவற்றுள் இரண்டாவது வரிசையில் ஓர் அங்குலத்திற்கு 75 பிட்டுகள். அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30. வரிசையின் முனைகளில் கடிகாரத்தை இசைவிப்பதற்காகப் பூஜ்யங்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஆகவே அங்கே கோடுகள் சம இடைவெளியில், சென்டிமீட்டருக்கு 30 வீதம் காணப்படும். செய்தி தொடங்குமிடத்தில் நெருங்கிய கோடுகளும் விலகிய கோடுகளும் கலந்து வரும். நெருங்கியவை 1, விலகியவை 0. மாணவர்களே அவற்றை எண்ணிப் படிக்க முயலலாம். பின்னர் ஒரு காந்தத்தைப் பட்டைமேல் பலமுறை தேய்த்து, மீண்டும் தூள் தூவிப் பார்க்கச் செய்க. கோடுகள் மறைந்தால் அது எளிதில் அழியும் வகை. மறையாவிட்டால் அது காந்த நீக்கு விசை மிகுந்த வகை. எந்த முடிவாயினும் அது ஒரு பாடமே. இரும்புத் தூள் கண்ணிலும் மூச்சிலும் புகாதபடி கவனமாயிருத்தல் வேண்டும். அட்டையிலுள்ள எண் ஒருவருடைய கணக்கைக் குறிப்பதால், சோதனை முடிந்தபின் அட்டையையும் ஒட்டுநாடாவையும் துண்டுதுண்டாக வெட்டி அப்புறப்படுத்துக.

முடிவுரை

ஒரு காலத்தில் கண்டக்டரின் கண்ணும் கையும் செய்த வேலையைக் காந்தத் துகள்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றிடமிருந்து நுண்சுற்று அதனைப் பெற்றுக்கொண்டது. கருவிகள் மாறிய போதிலும் வேலை மாறவில்லை. பிரயாணி கொடுத்த தொகைக்கு உரிய பிரயாணம் அவருக்குக் கிடைக்கவேண்டும். பொது நிறுவனத்திற்கு உரிய தொகை அதற்குக் கிடைக்கவேண்டும். ஒரு பைசாவும் கணக்கில் தவறலாகாது என்பதற்காகவே சோதனைப் பிட்டுகள் அமைந்தன. அதே கண்டிப்பு பிரயாணியின் பக்கமும் நிற்கவேண்டும். தவறு பொறியுடையதாயின் அதனை மனிதன்மேல் சுமத்தாதிருப்பது, அப்பொறியை இயக்குவோரின் கடமையாகும்.